ஜூனுக்குச் சொல்லிவைத்த கேக்

பிப்ரவரி 4, புதன்

மெழுகுவர்த்தித் திருநாளுக்குச் சோளமாவில் அவித்த தமால் இன்றுதான் தீர்ந்தது. இனி கொஞ்ச நாளைக்கு யாரும் தமால் கேட்க மாட்டார்கள். சாக்லேட் போட்ட சோளக்கஞ்சிதான் ஓடும். நடுநிலைப் பள்ளி வாசலில் என் மேசை இருக்கிறவரை எனக்குக் கவலையில்லை. மகள் வடக்கே, எல்லைக்கு அந்தப் பக்கம் வேலைக்குப் போன வருடத்திலிருந்து அந்த இடம் என்னுடையது. யாரும் கேட்டதில்லை. கேட்கவும் முடியாது.

நேற்று மேலத்தெரு எல்பிதியோ வீட்டுக்காக மனசாற்றப் போனேன். பையன் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். வந்தபின் பெண் வீட்டார் முன்னால் முட்டி போட்டுச் சமாதானம் கேட்க ஒரு வாய் வேண்டுமே. அந்த வாய் இந்த ஊரில் நான்தான். பெண்ணின் அப்பா கதவைத் திறந்தபோது கையில் அரிவாள் இருந்தது. நான் பாதி பேசுவதற்குள் அரிவாளை வைத்துவிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். பக்கத்து வீட்டுத் தொமாஸா வழியெல்லாம் சிரித்தாள். "அக்கா, நீ பேசினா செத்த கோழிகூட எந்திரிச்சு முட்டை போடும்."

போடும்தான். இந்தத் தெருவில் என் வயதுப் பெண்களில் ஐந்தாவது வரை போனவள் நான் ஒருத்தி. எழுத்து இன்னும் கோடு தாண்டுவதில்லை.

சாயங்காலம் அமாலியா வந்தாள். தோன் பிதென்சியோவின் மனைவி. மகள் யாரெத்துக்கு ஜூன் பதினாலாம் தேதி பதினைந்து வயதாகிறது. பதினைந்து வயது விழாவில் ஒவ்வொரு பொருளையும் ஒரு ஞானத்தாய் கொடுக்க வேண்டும். செருப்புக்கு ஒருத்தி, கிரீடத்துக்கு ஒருத்தி. கேக்குக்கு நான். மூன்றடுக்கு, ஊதா நிறம். யாரெத்தும் பள்ளிச் சீருடையோடு வந்திருந்தாள். "பாட்டி, மேல பொம்மை மட்டும் வைக்காதீங்க, அசிங்கமா இருக்கும்."

முற்றத்தில் வேனைக் கழுவிக்கொண்டிருந்த ஓசியேல் திரும்பாமலே கேட்டான். "அப்ப என்ன வைக்கணும், என் வேனையா?"

அவள் சிரித்தாள். நாங்கள் எல்லோருமே சிரித்தோம்.

மகள் விட்டுப்போன பிள்ளை அவன். நான் வளர்த்தவன். இருபத்திமூன்று வயதில் சொந்த வேன் ஓட்டுகிறான். இந்த ஊரில் வேறு யார் பேரன் அப்படி?

பிப்ரவரி 16, திங்கள்

கார்னிவல் நடக்கிறது. மேளம் ஓயவில்லை.

விடிந்ததும் அடுப்பு மூட்டப் போனால் அடுப்படியில் யாரெத் உட்கார்ந்திருந்தாள். முகமூடி ஆட்டம் பார்க்கப் போட்டுவந்த பளபளப்புச் சட்டை. ஒரு காலில் மட்டும் செருப்பு. ஓசியேல் கதவருகில் நின்று தலையைச் சொறிந்தான்.

"கூட்டிட்டு வந்துட்டேன் பாட்டி."

"எப்போ?"

"நேத்து."

எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. சின்னப் பெண்தான். இருந்தாலும் நல்ல வீடு, கை சுறுசுறுப்பு. வீட்டில் ஒருத்தி இருந்தால் இவன் தன் அம்மாவைப் போல வடக்கே போகமாட்டான். பை கட்டுகிற பேச்சு இந்த வருடம் இரண்டு தடவை வந்துவிட்டது. அதுவே எனக்குப் போதும் என்று தோன்றியது.

கஞ்சி ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள். "பாட்டி, நான் வீட்டுக்குப் போகட்டுமா?"

"போயி? ஒரு ராத்திரி இங்க இருந்துட்டே. ஊர் வாயை யாரு மூடுறது? பயப்படாதே, உங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

"அம்மாவ மட்டும் ஒரு தடவை பாத்துட்டு—"

"எல்லாம் முறையாப் பாக்கலாம். குடி, ஆறுது."

குடித்தாள். நல்ல பிள்ளை. சொன்னால் கேட்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

தொமாஸாவை அனுப்பி, பெண் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறாள், தேட வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். பிதென்சியோ தொமாஸா முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாராம். அப்படித்தான் சாத்துவார்கள். சாத்தாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

இன்றைக்குப் பேசியது போல் நான் என்றும் பேசியதில்லை.

இரண்டு வான்கோழி, பழக்கூடை, எள் தூவிய பெரிய ரொட்டி, சாக்லேட், ஒரு பெட்டி பிராந்தி. பிதென்சியோ வீட்டு வாசலிலேயே எல்லோரும் முட்டி போட்டோம். ஓசியேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். யாரெத்தை அவன் பக்கத்தில் நிறுத்தினேன். பிதென்சியோ கையில் இடுப்பு வார் இருந்தது.

"தோன் பிதென்சியோ, உங்க தோட்டத்துல பூத்த ஒரே பூவ எங்க வீட்டுக் காத்து பறிச்சுட்டு வந்துருச்சு. காத்த அடிக்கணும்னா அடிங்க, நாங்க முதுகக் காட்டுறோம். ஆனா பூவ மட்டும் வெயில்ல போட்றாதீங்க" என்று ஆரம்பித்தேன். முடிக்கிறபோது அவர் அண்ணன் அழுதார். பிதென்சியோ வாரை ஆணியில் மாட்டினார். என்னைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். "தோன்யா சென்ச்சா, உங்களுக்காக" என்றார்.

எனக்காக. கூடை உள்ளே போனது.

அடுப்படியில் அமாலியா வான்கோழிகளின் கால்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே கேட்டாள். "அப்ப ஜூன்ல கேக் வேணாம்ல?"

"கல்யாணத்துக்கு வெட்டிக்கலாம், இன்னும் ஒரு அடுக்கு சேத்து" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. களைப்பாக இருந்திருக்கும்.

ரிஜிஸ்தர் ஆபீஸில் பதினெட்டு ஆகாமல் எழுத முடியாது என்கிறார்களாம். ஆகும்போது எழுதிக்கொள்ளலாம். ஓடியா போகப்போகிறது.

மார்ச் 3, செவ்வாய்

யாரெத் சோள ரொட்டி தட்டினால் ஓரம் கிழிகிறது. சொல்லித் தருகிறேன். கேட்கிறாள், பேசுவதில்லை. காலையில் துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனால் இறங்கி வர நேரமாகிறது. மாடியிலிருந்து பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போவது தெரியும்.

இன்று அவளுடைய வாத்தியாரம்மா நொயேமி வந்தாள். பேன்ட் போட்டவள், வெளியூர்க்காரி.

"யாரெத் ஏன் வரலை?"

"அவ இப்ப குடும்பஸ்தி டீச்சர். மொச்சை சூப் இருக்கு, உக்காருங்க."

"அவளுக்குப் பதினாலு வயசு, தோன்யா சென்ச்சா."

"நானும் அஞ்சாவதோட நின்னவதான். புள்ளை வளக்கலையா? பேரன் வளக்கலையா? பள்ளிக்கூட வாசல்ல உங்களுக்கே கஞ்சி ஊத்தலையா?"

"அஞ்சாவதோட ஏன் நின்னீங்க?"

நான் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். சூப்பைத் தொடாமல் போனாள். திமிர்.

ஏன் நின்றேன். அம்மா நிறுத்தினாள், சந்தைக்குப் போக ஆள் வேண்டுமென்று. அப்புறம் பதினைந்தில் ஓசியேலின் தாத்தா வந்தார். நானாகத்தான் அவரோடு போனேன். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 12, வியாழன்

இன்று எழுத்து கோடு தாண்டிப் போகிறது.

கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். போலீஸ் வண்டி வந்தது, அந்த டீச்சர் வேலைதான். அதிலிருந்து அரசாங்க வக்கீலம்மா ஒருத்தி இறங்கினாள். ரெபேக்கா என்று பெயர். இன்னும் இரண்டு பெண்கள். யாரெத்தைத் தனியாகக் காப்புலின் மரத்தடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துப் பேசினார்கள். என்னை அருகில் விடவில்லை. என் வீட்டு மரத்தடிக்கே என்னை விடவில்லை.

அதற்குள் யாரோ சொல்லி பிதென்சியோ ஓடிவந்தார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

"வக்கீலம்மா, இது எங்க ரெண்டு வீட்டு விஷயம். முடிஞ்சுபோச்சு. நான் மன்னிச்சுட்டேன், ஊரே பாத்துச்சு."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. "தோன் பிதென்சியோ, உங்க பொண்ணு பதினஞ்சு தாண்டியிருந்தா, அவன் ஆசை காட்டி ஏமாத்தினானான்னு பாப்போம். பெத்தவங்க புகார் கொடுத்தாத்தான் வழக்கு, அப்ப உங்க வார்த்தைக்கு எடமுண்டு. நம்ம மாநிலச் சட்டத்துல பதினஞ்சுக்குக் கீழன்னா அந்தக் கேள்வியே கெடையாது. அவ சரின்னு சொல்லியிருந்தாலும் அது பலாத்காரம்தான். புகார் தேவையில்லை. நீங்க மன்னிக்கவும் முடியாது."

"மலைக்கு அந்தப் பக்கம் என் மச்சான் ஊர்ல இதெல்லாம்—"

"அது வேற மாநிலம், அங்க வேற எண் இருக்கலாம். இங்க இது."

"அப்பன் நான் மன்னிக்க முடியாதுன்னா வேற எவன் மன்னிக்கிறது?"

"கூடை கொண்டுபோன அன்னிக்கு அவகிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றாள். என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

பலாத்காரம். அந்தச் சொல்லை என் முற்றத்தில் நின்று, என் பேரனைப் பற்றிச் சொன்னாள். அவன் சாராயம் குடித்து எவளையாவது இழுத்துப்போனவனா? கையோடு கைபிடித்து ஆட்டம் பார்த்தவன்.

யாரெத்தை அவள் சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். அவள் பார்க்கவில்லை. யாரோ இறக்கிவிடுவார்கள் என்று பயந்தவள் போல வேகமாக ஏறி உள்பக்கமாகத் தள்ளி உட்கார்ந்தாள்.

ஓசியேலை வேன் நிற்கிற இடத்திலேயே பிடித்துவிட்டார்கள். பயணிகள் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார்களாம்.

மார்ச் 13, வெள்ளி

பள்ளிக்கூட வாசலுக்குப் போகவில்லை. பானையைக் கழுவிக் கவிழ்த்தேன்.

மார்ச் 20, வெள்ளி

நாங்கள் அமர்த்திய வக்கீல் பெயர் வால்தெமார். சட்டைப்பையில் மூன்று பேனா. வழி இருக்கிறது என்கிறார்.

"பாட்டி, பொண்ணுக்குப் பதினாறுக்கு மேலன்னு பையன் நெனச்சான். வீட்டுப் பெரியவங்க நீங்களும் அப்படித்தான் நெனச்சீங்க. பாத்தா பெரிய பொண்ணாத்தானே இருக்கா? இத நீங்க சொன்னா மத்தத நான் பாத்துக்கறேன். உங்க வாய்க்கு ஊர்ல மதிப்பிருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"சொல்லலைன்னா?"

"பத்து வருஷத்துக்குக் குறையாது. அவனோட இளமை போயிரும்."

பிதென்சியோவும் அப்படியே சொல்லத் தயாராம். அவர் அண்ணனும். இரண்டு வீட்டு மானமும் அதில்தான் இருக்கிறதாம். ஊரே ஒரு வாயாக நிற்கிறது. என் வாய் ஒன்றுதான் பாக்கி.

பதினாறு. சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

மார்ச் 22, ஞாயிறு

சிறையில் ஓசியேலைப் பார்த்தேன். தலைமுடியை வெட்டிவிட்டார்கள். காது இரண்டும் சின்ன வயதில் போலத் துருத்திக்கொண்டு நிற்கிறது.

"பாட்டி, அவ வேணாம்னு சொல்லலை. சத்தியமா சொல்லலை."

"வேணும்னு சொன்னாளா?"

"அதெல்லாம் எவ சொல்லுவா? சும்மா நின்னா. நான் வான்னேன், வந்தா."

"ஒரு செருப்பு எங்கடா போச்சு?"

அவன் என்னை முறைத்துப் பார்த்தான். "என்ன பாட்டி கேள்வி இது? ஓடுறப்ப கழண்டிருக்கும்."

ஓடுகிறபோது. யார் ஓடியது, எங்கிருந்து எங்கே? நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவானோ என்று பயமாக இருந்தது. கொண்டுபோன ரொட்டியைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டான்.

"பதினாறுன்னு சொல்லிடு பாட்டி. நீ பேசினா யாரும் தட்டினதில்லையே."

வேனைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவன்தானே இவன். "அப்ப என்ன வைக்கணும்" என்று கேட்டவன்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

குருத்தோலை வாங்கினேன். கோயிலில் அமாலியா எனக்கு முன்வரிசையில் நின்றாள். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கிற நேரம் வந்தபோது எல்லாப் பக்கமும் திரும்பிக் கைகொடுத்தாள். பின்னால் மட்டும் திரும்பவில்லை.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

இன்று மொட்டைமாடிக்குப் போனேன். யாரெத் துணி உலர்த்திய இடத்தில் நின்றேன். என் மேசை போடுகிற இடம் நன்றாகத் தெரிகிறது. காலையில் நான் கஞ்சி ஊற்றுவது, அவளோடு படித்த பிள்ளைகள் என்னைச் சுற்றி நின்று குடிப்பது, எல்லாவற்றையும் அவள் தினமும் பார்த்திருக்கிறாள்.

"நான் வீட்டுக்குப் போகட்டுமா" — என்னிடம்தானே கேட்டாள். அவனிடம் கேட்கவில்லை. பெரியவள், பெண், கேக்குக்கு ஞானத்தாய் என்று நம்பித்தானே கேட்டாள். கஞ்சியைக் கொடுத்து வாயை அடைத்தேன். நாலு தெரு தள்ளி அவள் வீடு. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் கஞ்சி ஆறுவதற்குள் திரும்பியிருப்பேன். அப்படிப் போகாமல், அவள் அப்பனை மயக்கப் பூவும் காற்றும் என்று பேச்சு தயார் பண்ணிக்கொண்டிருந்தேன் நான்.

அவன் செய்தது அந்த ஒரு இரவு என்றால், அதற்கப்புறம் இந்த வீட்டில் அவளுக்குக் கழிந்த ஒவ்வொரு இரவும்? கதவைப் பூட்டவில்லை நான். பூட்ட வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிட்டேன்.

எப்படிச் சொல்வது இதை. யாரிடம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

வக்கீலம்மா ரெபேக்கா முதலிலேயே சொன்னாள். "சொந்தப் பேரனுக்கு எதிரா நீங்க பேசணும்னு சட்டம் கட்டாயப்படுத்தாது. வேணாம்னா எந்திரிச்சுப் போகலாம், யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

வெளியே பெஞ்சில் வால்தெமார், பிதென்சியோ, அவர் அண்ணன் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. பொய்யும் இல்லை, துரோகமும் இல்லை. வீட்டுக்குப் போய்ச் சோளம் ஊறவைக்கலாம்.

"பொண்ணு வயசு உங்களுக்குத் தெரியுமா?"

"ஜூன் பதினாலு வந்தா பதினஞ்சு. கேக்குக்கு நான்தான் ஞானத்தாய். மூணு அடுக்கு, ஊதா. மேல பொம்மை வேணாம்னா."

"உங்க பேரனுக்குத் தெரியுமா?"

குடிக்க ஏதாவது கேட்டேன். தண்ணீர் கொடுத்தாள்.

"அவனும் அங்கதான் இருந்தான். வேன் கழுவிட்டு. கேட்டுட்டுத்தான் இருந்தான்."

டைப் அடிக்கிற பெண் அடித்து முடித்தாள். கையெழுத்துக்குத் தாளை நகர்த்தினாள். நான் பேனாவைத் தொடவில்லை.

"இன்னும் இருக்கு. மறுநா காலைல வீட்டுக்குப் போகட்டுமான்னு எங்கிட்ட கேட்டா. நான்தான் விடல."

ரெபேக்கா என்னையே பார்த்தாள். "தோன்யா சென்ச்சா, இத நான் கேக்கலை. இத எழுதினா உங்க மேலயும் கேள்வி வரும். புரியுதா?"

"நான் அஞ்சாவது படிச்சவ. புரியுது. எழுதுங்க."

வெளியே வந்தபோது வால்தெமார் என் முகத்தைப் பார்த்தார், எழுந்து போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். பிதென்சியோ என் காலருகே துப்பினார். அதைச் சுற்றிக்கொண்டு நடந்தேன். இத்தனை வருடமாக எத்தனை வாசலில் எத்தனை பேச்சு — இன்று ஒரு வார்த்தை வரவில்லை.

ஏப்ரல் 15, புதன்

வடக்கிலிருந்து மகள் போன் செய்தாள்.

"பெத்த பாவத்துக்கு உன்கிட்ட விட்டுட்டுப் போனேன். நீ அவன உயிரோட பொதைச்சுட்டியேம்மா."

"நான் வளத்தவன்டி அவன். எனக்கு வலிக்கலையா?"

"வலிச்சா வாயப் பொத்திட்டு வந்திருக்கணும். ஊருக்கெல்லாம் பேசினே, உன் பேரனுக்குப் பேச முடியலையா?"

வைத்துவிட்டாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

சட்டம் அவனைத் தண்டிக்கும். நான் வளர்த்ததில் எங்கே சறுக்கியது என்று அதில் எழுதியிருக்கிறதா? "பொண்ணுங்க வேணாம்னுதான் சொல்லுவாளுங்க, கூட்டிட்டு வந்துட்டா சரியாயிரும்" என்று இந்த முற்றத்தில் எத்தனை தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவன். எல்பிதியோ வீட்டுப் பெண் — அவள் பெயர் என்ன? பேசி முடித்துப் பிராந்தி குடித்துவிட்டு வந்தேனே, அவள் முகத்தைப் பார்த்தேனா? மற்றவர்கள் முகம் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா? அப்பன்மார்கள் முகம்தான் வருகிறது. பெண்ணுக்கு எந்த முகமும் வரவில்லை.

மே 10, ஞாயிறு

அன்னையர் தினம். ஊரெல்லாம் பாட்டு. சிறைக்குத் தமால் எடுத்துப்போனேன். காவலாளி வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் திரும்பி வந்தார். "தமால எடுத்துக்கிட்டான் பாட்டி. வெளிய வர மாட்டேங்கிறான்."

சாப்பிட்டானா என்று கேட்டேன். "பச்சை மிளகா தமாலத்தான் மொதல்ல எடுத்தான்" என்றார்.

மே 26, செவ்வாய்

கீழத்தெருவில் யாரோ பெண்ணைக் கூட்டிவந்துவிட்டார்களாம். மனசாற்ற என்னைக் கூப்பிடவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஒரு கிழவர் வந்தாராம். தொமாஸா வேலிக்கு மேலிருந்து சொன்னாள். "திக்கித் திக்கிப் பேசினாராம் அக்கா. பாதியில மறந்துட்டு, கூடையில என்னென்ன இருக்குன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாராம்."

சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் கேட்டேன். "பொண்ணுக்கு என்ன வயசு?"

தொமாஸாவின் சிரிப்பு நின்றது. "தெரியலையே அக்கா."

"வா, போய்க் கேட்டுட்டு வரலாம்."

போனோம். அந்த வீட்டு மாமியார் உள்ளே விடவில்லை. "உன் வீட்டுக்குப் போலீஸ் வந்தது போதாதா, எங்க வீட்டுக்குமா?" என்றாள். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றது. பதினெட்டோ பதினாலோ, வெளியே நின்று எப்படிச் சொல்வது? நொயேமி டீச்சர் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். கதவைத் திறந்தவள் என்னை உட்காரச் சொன்னாள். இந்த முறை நான்தான் எதையும் தொடாமல் வந்தேன், வெட்கத்தில்.

ஜூன் 14, ஞாயிறு

கேக் செய்தேன். மூன்றடுக்கு. ஊதா நிறத்துக்கு நகரத்திலிருந்து பொடி வாங்கிவரச் சொன்னேன். மேலே பொம்மை வைக்கவில்லை. பெட்டியில் வைத்துக் கட்டி, நல்ல சால்வையைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

தொமாஸா தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "எங்கக்கா?"

"யாரெத்துக்கு. சொன்ன சொல்லு."

அவள் துடைப்பத்தில் சாய்ந்து நின்றாள். "அன்னிக்குக் கூடை, இன்னிக்குப் பெட்டி. போனா அவ வெளிய வந்து வாங்கணும். உன் மூஞ்சியப் பாக்கணும். பரவால்ல பாட்டின்னு சொல்லணும். அதுக்குத்தான போறே?"

இந்தத் தொமாஸாவுக்கு வாய் எப்போது இப்படி நீண்டது?

உண்மைதான். அதற்காகத்தான் கிளம்பினேன். உள்ளுக்குள் பேச்சுகூடத் தயாராக இருந்தது. ஊதா நிறத்தில் ஆரம்பிப்பதாக இருந்தது.

உள்ளே வந்து பெட்டியை அவிழ்த்தேன். தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு வெட்டிக் கொடுத்தேன். நான் ஒரு துண்டும் எடுக்கவில்லை.

ஜூலை 30, வியாழன்

தீர்ப்பு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் குறைத்து, எட்டு வருடம். ஒப்புக்கொண்டான். எழுந்து நின்று, "ஆமா, வயசு தெரியும்" என்றான். என் பக்கம் பார்க்காமல்தான் சொன்னான். ஆனாலும் சொன்னான்.

என்மேல் தனியாக வழக்கு. வயதைப் பார்த்து வீட்டிலேயே இருக்க விட்டிருக்கிறார்கள். மாதம் ஒருதடவை நகரத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் கைநாட்டு வைக்கிற இடத்தில் நான் முழுப் பெயர் எழுதினேன். குமாஸ்தா, "அழகா எழுதுறீங்களே" என்றான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் பாராட்டு பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 24, திங்கள்

பள்ளி திறந்தது. மேசையைப் போட்டேன். ஆள் வரத்து குறைவுதான். சின்னப் பிள்ளைகள் அம்மா சொல்லைக் கேட்காமல் வருகிறார்கள்.

யாரெத் வந்தாள். அமாலியா மூலைவரை கூட வந்தாள். பிதென்சியோ பள்ளி வேண்டாம் என்றாராம். "நீங்க ஒரு தடவை அவளுக்காகப் பேசிக் கெடுத்தது போதும்" என்று அமாலியா அவரிடம் சொன்னதாகத் தொமாஸா சொல்கிறாள். யாரெத் பழைய வகுப்பையே திரும்பப் படிக்கிறாள். சீருடைப் பாவாடையின் மடிப்பை இறக்கித் தைத்திருக்கிறார்கள். உயரம் போட்டிருக்கிறாள்.

என் மேசையைப் பார்த்ததும் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். அங்கே நடைபாதை கிடையாது, செங்கல் லாரிகள் வருகிற வழி. வாசலைத் தாண்டிப் போய், லாரி இல்லாத நேரம் பார்த்து மறுபடி இந்தப் பக்கம் ஓடிவந்து, பின்பக்கமாக உள்ளே நுழைந்தாள்.

ஆகஸ்ட் 28, வெள்ளி

தினமும் கடக்கிறாள். இன்று ஒரு லாரி பலமாக ஹார்ன் அடித்தது. கையில் இருந்த கோப்பை விழுந்துவிட்டது எனக்கு.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

அந்த இடம் என்னுடையது. என்னுடையது என்று யார் எழுதிக் கொடுத்தது?

சிறையில் ஓசியேல் இன்று வெளியே வந்து உட்கார்ந்தான். எழுந்து போகும்போது, "வாசல்ல வியாபாரம் எப்படி?" என்று மட்டும் கேட்டான். மேசையை எடுக்கப்போகிறேன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. தெரிந்துகொண்டான் போல. தலையை ஆட்டினான்.

செப்டம்பர் 8, செவ்வாய்

இப்போது மேசையைச் சந்தைக்குப் பின்னால் போட்டிருக்கிறேன், கோழிக்கடைக்குப் பக்கத்தில். நாற்றம். கஞ்சி மிச்சமாகிறது. கோழிக்கடைக்காரன் கேலி பண்ணுகிறான். "ராணியம்மா அரண்மனைய விட்டுட்டு எங்க பக்கம் வந்துட்டாங்க." ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்து வாயை அடைத்தேன்—

எழுதிய பிறகு பார்க்கிறேன் இந்த வரியை. மறுபடியும் அதே பழக்கம்.

செப்டம்பர் 21, திங்கள்

கையெழுத்துப் போட நகரத்துக்குப் போய் மத்தியானம் திரும்பினேன். பாதி கஞ்சி மிச்சம். காலையில் பேத்தியைப் பள்ளியில் விடப் போயிருந்த தொமாஸா சந்தைக்கு வந்து, மூச்சு வாங்க ஒரு கோப்பை கேட்டாள். குடித்து முடித்து, கோப்பையைத் துடைத்து வைக்கும்போது சொன்னாள்.

"அந்தப் பொண்ணு இப்ப சாலையக் கடக்கிறதில்ல அக்கா. நடைபாதையிலயே நேரா வருது. கூட ரெண்டு பொண்ணுங்க. இன்னிக்கு என்னத்துக்கோ கத்திச் சிரிச்சுட்டுப் போச்சு."

"வாசல் வழியாவா?"

"வாசல் வழியாத்தான். உன் மேசைக்கால் அழுந்தின குழி நாலும் சிமெண்டுல அப்படியே இருக்கு பாரு, அதுமேலயே மிதிச்சுட்டுப் போச்சு."